மேளம் நிறுத்திய நேரம்

"ப்ளக்கு எங்கய்யா இருக்கு?" என்று ஐஸ் பெட்டி கொண்டுவந்தவன் மறுபடியும் கேட்டான். தங்கராசுவின் இடுப்பு மடியில் தம்பியின் செல்போன் அடித்துக்கொண்டிருந்தது.

விடிந்ததிலிருந்து அடிக்கிறது. எடுத்துப் பார்த்தார். தம்பி மகள் சத்யாவின் படம், கல்யாணத்தில் எடுத்தது. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அதைத் திரும்ப மடியில் செருகிக்கொண்டு, டி.வி.க்குப் போட்டிருந்த ப்ளக்கைக் கையால் காட்டினார். பெட்டி உறும ஆரம்பித்தது. கண்ணாடிக்கு உள்ளே சின்னதுரை படுத்திருந்தான். வயிற்றில் வந்த கட்டி ஆளைத் தின்றது போக மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. அண்ணன் தங்கராசுவை விட பதினான்கு வயது சின்னவன். இப்போது பார்த்தால் அவன்தான் மூத்தவன் மாதிரி இருந்தான்.

சத்யா ஒரே மகள். அரியலூரில் கட்டிக்கொடுத்தது. இப்போது நிறைமாதம். போன தடவை பிள்ளை வயிற்றிலேயே நின்றுபோனது. இந்தத் தடவையும் பிரஷர் ஏறிக்கிடக்கிறது, அவள் காதில் எந்தக் கெட்ட சேதியும் விழக்கூடாது, நாளைக் காலையில் ஆபரேஷன் பண்ணிப் பிள்ளையை எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அது டாக்டர் கணக்கு. ஊர்க் கணக்கு வேறு ஒன்று இருக்கிறது, பிள்ளைத்தாய்ச்சி பிணத்தைப் பார்க்கக்கூடாது. இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து நின்றதால் தங்கராசுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. உயிர் போன உடனே வீட்டில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டார்: பிள்ளை பிறக்கும் வரை அவளுக்குத் தெரியக்கூடாது. ஃப்ளெக்ஸ் கிடையாது. வாட்ஸ்அப்பில் எவனாவது போட்டோ வைத்தால் செருப்பால் அடிப்பேன்.

அவர் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. சாவு வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பார்க்க வருகிறவர்கள்தான், பார்த்ததைச் சொல்லத்தான் பார்க்கிறார்கள் என்பது அவர் எண்ணம். அதனால் மகன் அன்பழகனைத் தெருமுனையில் நிறுத்தி, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லச் சொல்லியிருந்தார்.

எல்லாரையும் அடக்கிவிட்டார். இந்தப் போனை அடக்க முடியவில்லை.

வெயில் ஏறும் நேரத்தில் அன்பழகன் தன் போனைக் கொண்டுவந்து நீட்டினான். பேசியது சத்யாவின் புருசன் அஜித்குமார். அவனுக்கு மட்டும் சேதி தெரியும்.

"மாமா, இனிமே தாங்காது. நேத்து ராத்திரி பேசுன மனுசன் காலைல எப்படிப் பேசாம இருப்பாருங்குறா. செருப்ப மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறா. அப்பா குரல கேக்கலன்னா பஸ் ஏறிடுவாளாம். பிரஷர் மாத்திரையும் போடல."

"சத்யா அம்மாவ பேசச் சொல்றேன்."

"அத்த பேசுனா அழுதுடும் மாமா. அவளுக்கு அப்பாதான் பேசணும்."

தங்கராசு போனைத் திருப்பிக் கொடுத்தார். பந்தலுக்கு வெளியே, யாரோடும் சேராமல், தண்ணீர் டேங்கில் சாய்ந்து நின்றுகொண்டிருந்த மீரான் மேல் அவர் கண் போனது.

மீரான் லப்பைக்குடிக்காட்டுக்காரன். கல்யாண வீடியோ எடுக்கிறவன். சின்னதுரை ரெட்டிபாளையம் சிமெண்ட் ஃபேக்டரிக்குச் சுண்ணாம்புக் கல் லாரி ஓட்டிய காலத்தில், அரியலூரில் ஒரு தியேட்டரில் இடைவேளையில் இரண்டு பேரும் சண்டை போட்டிருக்கிறார்கள். கதாநாயகன் முகத்தை டைரக்டர் எதற்கு இருட்டில் வைத்து எடுத்தான் என்பதுதான் சண்டை. படம் முடிந்தும் சண்டை முடியவில்லை. இருபது வருசத்துக்கு மேல் ஆகிறது, நேற்று சாயங்காலம் வரைக்கும் முடியவில்லை. கட்டில் தலைமாட்டில் உட்கார்ந்து மீரான் பேச, சின்னதுரை மூச்சுக்கு நடுவில் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து மறுத்துக்கொண்டிருந்தான்.

தங்கராசுக்கு மீரானைப் பிடிக்காது. சாதி மதம் காரணமில்லை. சினிமா என்பது பொய். பொய்யைப் பற்றி இரண்டு வளர்ந்த ஆம்பிளைகள் மணிக்கணக்கில் பேசினால் அதற்குள் வேறு ஏதோ இருக்கத்தான் வேண்டும். இரண்டு பேர் வயலுக்கும் நடுவில் இருக்கிற பொது வரப்பைப் பற்றித் தம்பி பேசுகிறானா, தன்னைப் பற்றிப் பேசுகிறானா என்று சன்னலுக்கு வெளியே நின்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். லென்சு, வெளிச்சம், கட் என்றுதான் காதில் விழும். தான் நிற்பது தெரிந்து பேச்சை மாற்றிவிடுகிறார்கள் என்றே முடிவு செய்திருந்தார்.

"மீரானு. உள்ள வா."

நெல் மூட்டை போட்டிருந்த பின்கட்டு அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். வாசலில் மேளம் உச்சத்தில் இருந்தது. காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துத்தான் பேச வேண்டியிருந்தது.

"அவன் ஒனக்குப் போன்ல பேசிப் பேசி அனுப்புவான்ல. அதெல்லாம் இருக்கா?"

"இருக்குண்ணே. ஒண்ணயும் அழிக்கல."

"அதுல ஒண்ண எடுத்து, அவன் போன்லேர்ந்து சத்யாவுக்கு அனுப்பு. அவன் பேசுற மாதிரி."

மீரான் கையிலிருந்த போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"என்னால முடியாதுண்ணே."

"ஏன் முடியாது? கல்யாண வீடியோவுல செத்துப்போன மாமனாரெல்லாம் மேகத்துல நின்னு பூப் போடுறான். அத யாரு பண்றது? நீதானே?"

"அது பொய்யின்னு பாக்குற எல்லாருக்கும் தெரியும்ணே. தெரிஞ்சுதான் கேக்குறாங்க. இது அப்படியில்ல. மௌத்தான மனுசன் குரல வச்சு அவரு மகளயே..."

"என் கொலத்துல பொறக்கப்போற உசுரு அது. நீ எனக்கு நல்லது கெட்டது சொல்லாத."

கதவு திறந்தது. சின்னதுரையின் பெண்டாட்டி கொளஞ்சியம்மாள் நின்றாள். வெளியே நின்று கேட்டிருக்கிறாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்தியிருந்தாள். எடுத்துவிட்டு மீரானிடம் சொன்னாள்.

"பண்ணிடுங்கண்ணே. எனக்கு அவளாச்சும் வேணும்."

சொல்லிவிட்டு அவளே கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். மீரான் மூட்டை மேல் உட்கார்ந்தான். போனை எடுத்தான்.

நினைத்த மாதிரி சுலபமாக இல்லை. ஒரு வார்த்தை இங்கே, ஒரு வார்த்தை அங்கே எடுத்து ஒட்டினால் சத்யா கண்டுபிடித்துவிடும் என்றான் மீரான். முழுசாக ஒரே மூச்சில் பேசியது வேண்டும். அதுவும் இந்த ஒரு மாதத்துக்குள் பேசியதாக இருக்க வேண்டும், குரல் இளைத்த பிறகு. ஒவ்வொன்றாகப் போட்டான். தங்கராசு போனை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டார்.

தம்பி பேசினான்.

"மீரானு, அந்த உப்பளத்துப் படத்த மறுபடி பாத்தேன்டா. மவன் செத்த சேதி வருது பாரு, அந்த எடம். வேற எவனாருந்தாலும் என்ன பண்ணுவான்? அந்தப் பொம்பள மூஞ்சிக்கிட்ட கேமராவ கொண்டுட்டுப் போயி வயலின ஆரம்பிச்சுருப்பான். இவன் முதுக காட்டுறான். அவ பாட்டுக்கு உப்ப வாருறா. மூஞ்சிய காட்டியிருந்தா அவ அழுதுருப்பா. முதுக காட்டுனதுனால நான் அழுதேன்."

அதற்கு மீரான் அனுப்பிய பதிலும் வரிசையில் இருந்தது. "தொர, முதுகெல்லாம் ஒன்ன மாதிரி கிறுக்கனுக்கு. காசு குடுத்தவன் மூஞ்சியத்தான் பாக்க வரான். நான் கல்யாணப் பொண்ணு முதுக எடுத்துட்டுப் போனா என்ன உயிரோட விடுவானுவளா?" அதைத் தொடர்ந்து சின்னதுரை சிரித்தது மட்டும் தனியாக ஒன்று. சிரிப்பு இருமலாகி நின்றது.

இன்னொன்று. "நீ பாட்ட போட்டு எல்லாத்தயும் மூடிப்புடுற. அதான் ஒங்கிட்ட கெட்ட பழக்கம். ஒருத்தன் பேசுனா அந்த எடமும் கூடப் பேசணும். லாரில ஒக்காந்து பேசுனா இஞ்சின் கேக்கணும். சத்யாகிட்ட கேட்டுப்பாரு, கண்ண மூடிக்கிட்டே, இது செட்டு, இது நெச வூடுன்னு சொல்லிப்புடும். நான் வளத்த காது."

"கேட்டீல்ல" என்றார் தங்கராசு. "பாத்து எடு."

அடுத்ததில் தன் பேரே வந்தது. மீரான் அவசரமாக நிறுத்தப் பார்த்தான். தங்கராசு போனைக் கொடுக்கவில்லை.

"எங்கண்ணன நடிக்க வச்சன்னா ஒரே டேக்குதான். கோவம், சந்தோசம், பசி, எல்லாத்துக்கும் அந்த ஒரே மூஞ்சி. ஆனா ஒண்ணு. அந்தாளு வாசல்ல வந்து நின்னா எனக்கு வலி கொறஞ்சாப்ல இருக்கு. சன்னலுக்கு வெளிய நின்னுதான் கேப்பாரு. உள்ள வாங்கன்னு கூப்புட்டா போயிடுவாருன்னு கூப்புடுறதில்ல."

மீரான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. மடியில் போன் மறுபடி அதிர்ந்தது.

"சீக்கிரம் பாரு" என்றார்.

கடைசியில் ஒன்று கிடைத்தது. மீரான் அதை ஒரு தடவை தன் காதில் வைத்துக் கேட்டான். யோசித்தான். மறுபடி கேட்டான். பிறகு தங்கராசு காதில் வைத்தான். மேளத்துக்கு மேலே கேட்டது தம்பி குரல் மட்டும்தான்.

"நான் நல்லாத்தான் இருக்கேன். பேசுனா மூச்சு வாங்குது, அதான் போன எடுக்கல. சாப்புட்டியா? சாப்புடு மொதல்ல. சாயங்காலமா பேசுறேன்."

எழுதிக் கொடுத்துப் பேசச் சொன்ன மாதிரி இருந்தது. இதற்கப்புறம் ஏதோ படத்தைப் பற்றிப் பேச்சு போகிறது, இதுவரைக்கும் போதும் என்றான் மீரான். அப்படியே அனுப்பினால் வேறு இடத்திலிருந்து வந்தது என்று போனே காட்டிக்கொடுத்துவிடும். தன் போனில் ஓடவிட்டு, சின்னதுரையின் போனைப் பக்கத்தில் வைத்துப் பதிய வேண்டும். ஆனால் இந்த மேளம் ஓடினால் முடியாது. சாவு மேளம் எது என்று யாருக்கும் தெரியும்.

தங்கராசு மடியிலிருந்த போனை அவனிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

பறை அடிக்கிற வீரமணி முன்னால் போய்க் கையைத் தூக்கினார். வீரமணி புரியாமல் இரண்டு அடி அடித்துவிட்டு நிறுத்தினான். "யாராச்சும் வராங்களாண்ணே?" என்றான். "பேசாம இரு" என்றார். பந்தலில் பேசிக்கொண்டிருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தார். அடங்கினார்கள். பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அத்தை பெரியம்மாள் மட்டும் நிறுத்தவில்லை.

"அத்த, கொஞ்சம் வாய மூடு."

"தூக்கி வளத்த புள்ளைக்கு அழுவறதுக்கு ஒன்ன கேக்கணுமாடா?"

"புள்ளயோட புள்ளைக்காவத்தான் சொல்றேன். மூடு."

கிழவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். எங்கோ ஒருவன் பைக்கை உதைத்தான். அன்பழகன் ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கினான். எல்லாம் நின்ற பிறகும் ஒரு சத்தம் மிச்சம் இருந்தது. ஐஸ் பெட்டியின் உறுமல். தங்கராசு குனிந்து ப்ளக்கைப் பிடுங்கினார்.

ஒரு சாவு வீடு இவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. சித்திரை வெயில் பந்தல் துணி வழியாக வெள்ளையாக இறங்கியது. பின்கட்டு அறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்கு உள்ளிருந்து, சன்னமாக, ஆனால் யாருக்கும் தப்பாமல், அந்தக் குரல் வந்தது.

"...சாப்புட்டியா? சாப்புடு மொதல்ல..."

பெரியம்மாள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். கொளஞ்சியம்மாள் பொத்தவில்லை. கதவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள், சாப்பிட்டுவிட்டேன் என்பது மாதிரி. பெட்டிக்குள் சின்னதுரை வாய் கட்டிய துணியோடு படுத்திருந்தான்.

கதவு திறந்து மீரான் தலையசைத்தான். தங்கராசு ப்ளக்கைப் போட்டார். மேளத்தைத் தொடங்கச் சொல்லவில்லை.

அனுப்பினார்கள். இரண்டு கோடு விழுந்தது. நீலமானது. தங்கராசு அந்தப் போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நெல் மூட்டைக்கு முன்னால் நின்றார். பார்த்துவிட்டாள், கேட்கிறாள் என்றான் மீரான். கேட்டு முடித்திருக்கும் நேரமும் போனது. அதற்கு மேலும் போனது. மறுபடி கேட்கிறாள் போல என்றான். பிறகு போன் அடித்தது.

எடுக்காமல் இருக்க முடியாது. தங்கராசு எடுத்தார்.

"யாரு, பெரிப்பாவா?"

"ஆமா தாயி. அப்பன் இப்பத்தான் கண்ணசந்தான். பேசுனான்ல?"

"பேசுனாரு."

அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் மூச்சு விடுவது கேட்டது.

"பெரிப்பா, அங்க மழையா?"

தங்கராசு சன்னலைப் பார்த்தார். வெளியே கண்ணைத் திறக்க முடியாத வெயில். எதற்குக் கேட்கிறாள் என்று புரியவில்லை. மீரானைப் பார்த்தார். மீரான் தலையைக் குனிந்துகொண்டான். வாழ்நாள் முழுக்க யாரையும் நம்பாமல் இருந்ததில் ஒரு லாபம் உண்டு. எதிரே இருப்பவன் தலை குனிந்தால் அவருக்கு அர்த்தம் தெரிந்துவிடும்.

"ஆமா தாயி" என்றார். "மழதான். தூறிக்கிட்டு இருக்கு."

அவள் குரல் இப்போது சின்னப் பிள்ளையில் பேசுவது மாதிரி மெல்லிசாக இருந்தது.

"சரி பெரிப்பா. அப்பாவ நனையாம பாத்துக்குங்க."

வைத்துவிட்டாள்.

தங்கராசு போனை மீரானிடம் நீட்டி, அதைப் போடு என்றார். மேளம் இல்லாத அறையில் இப்போது முழுசாகக் கேட்டது. தம்பி குரலுக்குப் பின்னால், ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும், சிமெண்ட் சீட்டுக் கூரை மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பங்குனியில் ஒரு நாள் சாயங்காலம் பெய்த கோடை மழை. வெளியே இருந்த சத்தத்தையெல்லாம் அவர் நிறுத்தியிருந்தார். உள்ளே இருந்ததைக் கேட்கவில்லை.

"ஒனக்குத் தெரியும்."

மீரான் போனை மூட்டை மேல் வைத்தான்.

"மழ இல்லாதது வேற எதுவும் இல்லையா ஒங்கிட்ட?"

"இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னான். தங்கராசு அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து மூட்டையோடு சேர்த்துத் தள்ளினார். பொத்தான் தெறித்தது. மீரான் கையைக்கூடத் தூக்கவில்லை. சத்தம் கேட்டு அன்பழகன் ஓடி வந்து அப்பாவைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் உன்னை இந்த ஊர் எல்லையைத் தாண்ட விடமாட்டேன் என்று தங்கராசு சொல்லிக்கொண்டிருக்கும்போதே அன்பழகனின் சட்டைப் பையில் போன் அடித்தது. அஜித்குமார். மூன்று பேரும் அந்தப் போனைப் பார்த்தார்கள். யாருக்கும் எடுக்கத் தைரியம் வரவில்லை. கடைசியில் அன்பழகன் ஸ்பீக்கரில் போட்டான்.

"மாமா, நம்பிட்டா" என்றான் அஜித்குமார். அவன் குரலில் பாரம் இறங்கியிருந்தது. "செருப்ப கழட்டிட்டா. எங்கம்மாகிட்ட கேட்டு வாங்கி ரெண்டு இட்லி தின்னா. மாத்திர போட்டா. இப்ப செவுத்தப் பாத்துப் படுத்துருக்கா. செல்ல ஆஃப் பண்ணி எங்கிட்டயே குடுத்துட்டா மாமா. நாளைக்குப் புள்ள பொறக்குற வரைக்கும் கூப்புட மாட்டாளாம். அப்பா தூங்கட்டுமாம்."

அன்பழகன் சந்தோசமாக அப்பாவைப் பார்த்தான். தங்கராசு அவன் கையை விலக்கிவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்தார். பக்கத்தில் மீரான் உட்கார்ந்திருந்தான். பொத்தான் போன சட்டையைக் கையால் சேர்த்துப் பிடித்திருந்தான். ரொம்ப நேரம் கழித்து, மேளத்தை ஆரம்பிக்கச் சொல்லட்டுமா என்று அன்பழகன் கேட்டான். சொல்லு என்றார்.

வெயில் தாழ எடுத்தால் போதும் என்று ஊரில் சொன்னார்கள். சேதி பரவுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று தங்கராசு முன்னமே முடிவு பண்ணியிருந்தார். பாடை வாசலைத் தாண்டும்போது உச்சி வெயில். தார் ரோடு இளகி, செருப்பில்லாதவர்கள் ஓரத்துப் புல்லில் நடந்தார்கள். அன்பழகன் கொள்ளிச் சட்டியோடு முன்னால் போனான்.

நாலு வீடு தாண்டியிருப்பார்கள். தங்கராசு சட்டென்று ஒதுங்கி, அங்கிருந்த ஒரு வீட்டு வாசலில் மாட்டியிருந்த கறுப்புக் குடையை எடுத்தார். கம்பி ஒன்று மடங்கியிருந்தது. விரித்துக்கொண்டு வந்து பாடையின் தலைமாட்டுப் பக்கம் சேர்ந்துகொண்டார். தன் தலைக்குமேல் பிடிப்பார் என்று நினைத்தவர்கள், அவர் கையை நீட்டித் தம்பி முகத்துக்கு மேல் பிடிப்பதைப் பார்த்தார்கள்.

"பொணத்துக்கு எதுக்குங்க கொட?" என்றான் தூக்கிக்கொண்டிருந்த ஒருவன்.

தங்கராசுவின் மொட்டைத் தலையில் வெயில் நேராக அடித்தது. அந்தப் பக்கம் நடந்துவந்த மீரான், கை வலித்தால் கொடுங்கள் என்பது போலக் கையை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை.

தூக்கிப் போகிறவர்கள் இளவட்டங்கள். காலில் சூடு தாங்காமல் வேகமாக நடந்தார்கள். குடையின் நிழல் சின்னதுரையின் முகத்தை விட்டு விலகும்போதெல்லாம் தங்கராசு இரண்டு எட்டு ஓடினார்.